"சாமிப் பிள்ளை" என்று வளர்ந்தேன். அன்று நான் உணர்ந்தது உண்மையா?

சிங்கப்பூரின் தோ பாயோவில் பிறந்து வளர்ந்து, இப்போது செங்காங்கில் கணவரோடும் மகளோடும் வசிக்கும் 52 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு அப்போது ஐந்து வயது. ஒரு மாலை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் தனியாக நின்றிருந்தபோது, எதிர் புளோக்கின் சன்னல்கள், மூங்கில் கழிகளில் காய்ந்த துணிகள், மேலே வானம் என எல்லாமே உயிரோடு இருப்பதைப் போலவும், யாரோ தம்மை மிகுந்த அன்போடு பார்த்துக்கொண்டிருப்பதைப் போலவும் உணர்ந்தார். பயமில்லை, அழுகை மட்டும் வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரைச் சாமி மேடைக்கு முன் உட்காரவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, "அம்மன்தான் வந்திருக்கா" என்றார். சீர்காழியில் ஞானப்பால் குடித்த பிள்ளையைப் போல இதுவும் என்று உறவினர்களிடம் சொன்னார்.

அன்று முதல் அவர் குடும்பத்தின் "சாமிப் பிள்ளை". வெள்ளிக்கிழமை மாலைகளில் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் வந்து அவரிடம் குறி கேட்டார்கள். மாமா ஒருவர் லாட்டரிக்கு நம்பர் கேட்டார். ஏழு வயதுப் பிள்ளை வாயில் வந்த நான்கு எண்களைச் சொல்ல, அதற்குச் சிறிய பரிசும் விழுந்துவிட்டது. அதன்பின் கூட்டம் கூடியது. விளையாட்டும் நண்பர் வீட்டுப் பிறந்தநாளும் நின்றன. அசைவம் வீட்டுக்கே ஆகாது என்றானது. பதினொரு வயதில், வகுப்புத் தோழி வீட்டில் ஆசைப்பட்டுக் கோழிக்கறி சாப்பிட்டார். சில வாரங்களில், கப்பல் பட்டறையில் வேலை செய்த அப்பா மாரடைப்பால் இறந்தார். "பிள்ளை சுத்தமா இருந்திருந்தா சாமி காப்பாத்தியிருக்கும்" என்று இறுதிச் சடங்கில் யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. கோழிக்கறி விஷயத்தை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இருபது வயதுகளிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுக்கிறார். பக்தியால் அன்று, நிறுத்தினால் ஏதாவது நடந்துவிடும் என்ற பயத்தால் என்று அவரே எழுதுகிறார். சென்ற தைப்பூசத்தில் 16 வயது மகள், "யாருக்காகம்மா தூக்குறீங்க?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. அதிலிருந்து கோபமும் குழப்பமும். அம்மாவுக்கு 79 வயது. சென்ற ஆண்டு முதுமை மறதி நோயின் தொடக்க நிலை என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். கணவர், "இதெல்லாம் மனநோய், கிளறாதே" என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: ஐந்து வயதில் உணர்ந்தது உண்மையா, அம்மா உண்டாக்கியதா? அம்மாவின் நினைவு போவதற்குள் அவரிடம் நியாயம் கேட்கலாமா? பால்குடத்தை நிறுத்தலாமா? மகளுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் வழிபாட்டையே நிறுத்திவிட்டால் என்ன? இனிமேல் தாம் சாமி கும்பிடலாமா?

கடைசிப் பத்தியில், "பெரிய விஷயமில்லை" என்ற குறிப்போடு ஒரு செய்தியையும் சேர்த்திருக்கிறார். வேலைக்குக் கிளம்பும் முன் விளக்கின் முன்னால் ஒரு மந்திரத்தை 108 முறை சொல்ல வேண்டுமாம். நடுவில் மனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில நாள்களில் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுச் சந்தேகம் வந்து வீடு திரும்புவாராம்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்வியிலேயே இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. நடைபாதையில் ஒரு மாலை உங்களுக்கு ஏதோ நேர்ந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள், வெள்ளிக்கிழமைதோறும், பெரியவர்கள் உங்களை வைத்து ஒன்றை நடத்தினார்கள். இரண்டாவது தவறு என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது. அதனால் முதலாவதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டப் பார்க்கிறீர்கள். அப்படிக் கட்டாயமில்லை. உங்களை வளர்த்த விதத்தை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் நீங்கள் கேள்வி கேட்கலாம். அதற்காக அந்த ஐந்து வயதுப் பிள்ளையைப் பொய் சொன்னவள் ஆக்க வேண்டியதில்லை.

அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி உளவியல் அறிந்தது கொஞ்சம் உண்டு. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே (1896–1980) சிறுவர்களிடம் பேசிப் பேசிப் பதிவு செய்தவற்றில் ஒன்று, சூரியனும் நிலாவும் தங்களோடு கூடவே நடந்து வருவதாகவும் தங்களைப் பார்ப்பதாகவும் அவர்கள் நம்புகிறார்கள் என்பது. உயிருள்ளது, உயிரற்றது என்ற கோடு அந்த வயதில் பெரியவர்களுக்கு விழுவதைப் போல விழுவதில்லை. எதுவுமே ஒரு காரணத்துக்காகத்தான், யாரோ ஒருவருக்காகத்தான் இருக்கிறது என்று பிள்ளைகள் இயல்பாக எடுத்துக்கொள்வதைப் பின்னால் வந்த ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஆகவே சன்னல்களும் துணிகளும் உயிரோடு இருந்ததாக நீங்கள் உணர்ந்ததில் நோய்க்குரியது எதுவுமில்லை. பல பிள்ளைகளுக்கு இது நேர்கிறது. பெரும்பாலோர் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் பெரியவர்கள் காதில் வாங்குவதில்லை, அவர்களும் மறந்துபோகிறார்கள்.

இது அந்த உணர்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கான விளக்கம். அந்த அன்பான பார்வை எங்கிருந்து வந்தது, அங்கே உண்மையில் யாரேனும் இருந்தார்களா என்ற கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல என் துறைக்கு அதிகாரமில்லை. அது அம்மன் என்று நீங்கள் கடைசிவரை நம்பலாம். வளரும் மூளையின் இயல்பு என்று கொள்ளலாம். தெரியாது என்று விட்டுவிடவும் செய்யலாம். நல்ல ஆலோசகர் எவரும் இந்த மூன்றில் ஒன்றை நோக்கி உங்களைத் தள்ளமாட்டார். தள்ளினால் ஆளை மாற்றுங்கள்.

நினைவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொலுசுச் சத்தமும் மல்லிகை வாசமும் நன்றாக நினைவிருப்பதாகவும், சின்ன வயதில் நீங்கள் அவற்றைச் சொன்னதே இல்லை என்று அக்கா மறுப்பதாகவும் எழுதி, "அப்படியானால் எல்லாமே கற்பனையா?" என்று கேட்டிருந்தீர்கள். பெரியவர்களிடம் மிகப் பழைய நினைவு எது என்று கேட்டால், சராசரியாக மூன்று, மூன்றரை வயதைத்தான் சொல்கிறார்கள். ஐந்து வயதில் நடந்தது நினைவிருப்பதில் வியப்பில்லை. ஆனால் நினைவு ஒவ்வொரு முறை எடுத்துச் சொல்லப்படும்போதும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், 1995இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையைக் குடும்பத்தார் சொன்னதாகச் சொல்லி 24 பேரிடம் கொடுத்தார். ஏறக்குறைய கால்பங்கினர் முழுதாகவோ அரைகுறையாகவோ அது தங்களுக்கு நடந்ததாகவே நம்பினார்கள். உங்கள் கதையோ வாராவாரம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது. கொலுசும் மல்லிகையும் அம்மாவின் வாயிலிருந்து உங்கள் நினைவுக்குள் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அந்த மாலையே நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

அம்மா எடுத்துவைத்த கதை

அம்மா புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. நம் சமயத்தில் தெய்வத்தைக் கண்ட பிள்ளைக்கென்று ஓரிடம் முன்பே இருக்கிறது. மூன்று வயதுச் சம்பந்தர் சீர்காழிக் குளக்கரையில் அம்மையின் கையால் பால் உண்டதைக் கேட்டு வளர்ந்த ஒரு தாய், தன் பிள்ளை அழுதுகொண்டே வந்து "யாரோ பார்த்தாங்க" என்று சொன்னால், அந்த இடத்தில்தான் அதை வைப்பார். வேறு வீடாக இருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். வேறு சமயத்தவர் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கதையை உங்கள் வீட்டில் பாதியோடு நிறுத்திவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், வாயோரம் பால் வழிய நிற்கும் பிள்ளையைக் கண்டதும் தந்தை சிவபாத இருதயர் கைகூப்பவில்லை. கோலை ஓங்கிக்கொண்டு, யார் கொடுத்த எச்சிலை உண்டாய், காட்டு என்று அதட்டுகிறார். பிள்ளை தானே விரலை நீட்டி, தான் கண்டது யார் என்று தன் வாயால் பாடிச் சொல்கிறது. கோல் ஓங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் அங்கே பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. பெரியவர் நம்பாமல் நின்றார். பிள்ளை பதில் சொல்லும்வரை யாரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. உங்களிடம் "என்னம்மா பார்த்தே?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயர் முதலில் வந்துவிட்டது. என் பார்வையில், உங்களுக்கு நேர்ந்த முதல் அநீதி அதுதான். நம்பரும் விரதமும் குறியும் அதன்மேல் வந்தவை.

நம்பர் சொன்னதற்காக உங்களை "ஏமாற்றுக்காரி" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் கேட்டால் பிள்ளை எதையாவது சொல்லும். அவர்களை மகிழ்விக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருக்க வழியில்லை. பரிசு விழுந்ததும் தற்செயல். அந்தப் பொறுப்பு கேட்டவர்களுடையது.

"நம் சமூகத்தில் இப்படியெல்லாம் கேட்பவள் நான் ஒருத்திதான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்றனர். 2010இல் அது 17 விழுக்காடு. இந்தியர்களிடையே அந்த விகிதம் மிகக் குறைவு என்பதால் உங்கள் தனிமை எனக்குப் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் சமயத்தை விட்டவர்கள் அல்லர். கல்லையும் சடங்கையும் பார்த்துச் சிவவாக்கியர் கேட்டதைவிடக் காரமாக நீங்கள் எதையும் கேட்டுவிடவில்லை. அவரைச் சித்தர் என்றுதான் இன்றும் சொல்கிறோம். நீங்களே எழுதியிருப்பதைப் போல, உயர்நிலைப் பள்ளிகளில் சமயக் கல்வி கட்டாயப் பாடமாக இருந்த 1980களின் பிற்பகுதியில், இந்து சமயப் பாட வகுப்பில்தான் கடவுளைப் பற்றி வாய்விட்டுக் கேள்வி கேட்கலாம் என்பதே உங்களுக்குத் தெரிந்தது. அந்த மாணவி கேட்க ஆரம்பித்ததைத்தான் இப்போது தொடர்கிறீர்கள்.

கோழிக்கறி

இதை நீங்கள் எனக்கு எழுதியதே பெரிய காரியம். உங்கள் அப்பா மாரடைப்பால் இறந்தார். அது பல ஆண்டுகளாக இரத்தக் குழாய்களில் வளர்ந்து ஒரு நாள் வெடிக்கும் நோய். பதினொரு வயது மகள் தோழி வீட்டில் எதைச் சாப்பிட்டாள் என்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது உங்கள் அறிவுக்கு நெடுங்காலமாகத் தெரியும். தெரிந்தும் ஏன் விடவில்லை என்றால், பெற்றோரை இழந்த சிறுவர்கள் நடந்ததற்குத் தங்களுக்குள் ஒரு காரணம் தேடுவது மிகச் சாதாரணம். சண்டை போட்டேன், பொய் சொன்னேன், மனத்துக்குள் திட்டினேன் என்று எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள். அருகில் இருக்கும் பெரியவர் ஒருவர் "உன்னால் இல்லை" என்று பலமுறை சொன்னால்தான் அது கரையும். உங்களுக்கோ, குற்றம் உங்களுடையதுதான் என்று வெளியிலிருந்து உறுதி வந்தது, அதுவும் சாமியின் பெயரால். அதன்பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டமும் சட்டென நின்றது. ஏன் நின்றது என்று யாரும் விளக்கவில்லை. தண்டனை அது என்று ஒரு பிள்ளை நினைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நாற்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத இரகசியத்தைக் கடிதத்தில் ஒருமுறை எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். ஓர் ஆலோசகரின் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். துக்கமும் குற்றவுணர்வும் அங்கே தனித்தனியாகப் பிரியும். இதுவரை உங்கள் அப்பாவுக்காக நீங்கள் சரியாக அழுததே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

"பெரிய விஷயமில்லை" என்ற 108

மன்னிக்க வேண்டும், உங்கள் கடிதத்தில் மிகப் பெரிய விஷயமாக எனக்குப் பட்டது இதுதான். ஐந்து வயது நினைவு பொய்யா மெய்யா என்பதை ஆராய இன்னும் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு இந்த மாதமே ஆளைப் பார்க்க வேண்டும்.

பக்தியோடு 108 முறை நாமம் சொல்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் சொல்லி முடித்ததும் அமைதியடைகிறார்கள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் சிரித்துக்கொண்டு தொடர்கிறார்கள். நீங்கள் விவரித்திருப்பது வேறு. சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம், தவறினால் வீட்டில் யாருக்கோ ஆபத்து என்ற பதற்றம், திரும்பச் சொன்னதும் கிடைக்கும் சிறிது நேர நிம்மதி, மறுநாள் இன்னும் வலுவாகத் திரும்பி வரும் சந்தேகம் என்ற இந்தச் சுழற்சி, கட்டாயச் செயல் நோயின் (OCD) ஒரு வகையாக இருக்கலாம். திரும்பத் திரும்பக் கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் பலருக்குத் தெரிந்த வடிவங்கள். வழிபாட்டைப் பற்றிக்கொண்டு வருவதும் அதே நோய்தான், எல்லாச் சமயத்தவரிடமும் காணப்படுகிறது. 2016இல் தொடங்கிய சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் வந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தாலோ, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தாலோ மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய நிலை என்று கருதுகிறார்கள். நீங்கள் வேலைக்குத் தாமதமாகப் போனதற்காக எச்சரிக்கை வாங்கியிருக்கிறீர்கள்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. நேரில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரையோடு அரசு மருத்துவமனையின் சிறப்பு மருந்தகத்துக்கோ மனநலக் கழகத்துக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். சடங்கைச் செய்யாமல் அந்தப் பதற்றத்தைச் சிறுகச் சிறுகத் தாங்கிப் பழகும் ஒரு பயிற்சி இந்த நோய்க்கு உண்டு. பலருக்கு நல்ல பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். அந்தச் சிகிச்சை உங்கள் நம்பிக்கையை எடுத்துவிடாது. சிகிச்சைக்குப் பின், இப்போதுதான் பயமில்லாமல் கும்பிட முடிகிறது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இனிக் கும்பிடத் தோன்றவில்லை என்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவர் சொன்னதைப் பற்றி. அவர் பாதி சரி. 108ஐப் பொறுத்தவரை சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் வளர்ப்பையும் நம்பிக்கையையும் நடுவயதில் கேள்வி கேட்பது மனநோய் அன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டிலேயே, நம்பிக்கை குலைவதும் ஆன்மிகக் குழப்பமும் நோயல்லாத, ஆனால் உதவி தேவைப்படக்கூடிய சிக்கல் என்று தனியாக வைக்கப்பட்டது. 2013 பதிப்பிலும் அது தொடர்கிறது. கிளறாதே என்ற அறிவுரை மட்டும் சரியல்ல. உங்கள் மகள் ஏற்கெனவே கிளறிவிட்டாள். முடிந்தால் இரண்டாவது சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள்.

கட்டளையிடும் குரல்கள் கேட்டாலோ, பல இரவுகள் தூக்கம் அறவே இல்லாமல் போனாலோ, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல உதவி எண் 1771. சிங்கப்பூர் அபயக்கர சங்கத்தின் எண் 1767. உடனடி ஆபத்தென்றால் 995.

அம்மாவிடம் எதைக் கேட்பது

"நினைவு போவதற்குள் மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனாலும் இந்த வழியை நான் ஆதரிக்கவில்லை. காரணம் உங்கள் அம்மாவின் மேலுள்ள பரிவு மட்டுமல்ல. உங்களுக்கும் அதில் கிடைப்பது குறைவு. முதுமை மறதி நோயில் அண்மைய நினைவுகள் முதலில் தேய்கின்றன; பழையவை நெடுநாள் நிற்கும். ஆகவே தோ பாயோ வீட்டு நடைபாதையை அவர் காலைச் சாப்பாட்டைவிடத் தெளிவாக நினைவு வைத்திருக்கலாம். ஆனால் ஒரு குற்றச்சாட்டைக் கேட்டு, யோசித்து, தன்னைத் திரும்பிப் பார்த்து, ஒப்புக்கொள்ளும் ஆற்றல் அந்த நோயில் குறைகிறது. அவர் கலங்கிப்போகலாம், மறுக்கலாம், உங்களைச் சமாதானப்படுத்த எதையாவது இட்டு நிரப்பியும் சொல்லலாம். மன்னிப்பே கேட்டாலும் மறுவாரம் அவருக்கு அது நினைவிராது. நீங்கள் மட்டும் அதைச் சுமப்பீர்கள்.

அவரிடம் கேட்கக்கூடியது அவர் கண்டதைத்தான். "அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஒரு நாள் அழுதுட்டே ஓடி வந்தேனே, நான் என்ன சொன்னேன்மா?" என்று ஒரு காலை வேளையில், அவர் தெளிவாக இருக்கும்போது கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாதீர்கள். அப்போது அவருக்கும் சின்ன வயதுதான். சில ஆண்டுகளில் கணவரை இழக்கப்போகிற, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருந்த ஒருத்தி. சாமி நம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்ற செய்தி அவருக்கு எதைத் தந்தது என்பது அந்தப் பேச்சில் தெரியவரலாம். தெரியாமலும் போகலாம். இதற்காக நீங்கள் மன்னித்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மாலையைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம், எது உங்களுடையது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்ற சந்தேகங்களோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அம்மாவின் பேச்சும் அக்காவின் பேச்சும் கலந்துவிட்ட பிறகு எழுதினால் பயனில்லை. கோபத்தை இறக்க வேண்டிய இடம் ஆலோசகரின் அறை. வெள்ளிக்கிழமைகளில் வந்து குறி கேட்ட உறவினர்களில் நல்ல நினைவோடு இருப்பவர்கள் யாரேனும் உண்டென்றால், நியாயம் கேட்க அவர்கள் அம்மாவைவிடத் தகுந்தவர்கள், குறிப்பாக அந்த மாமா.

பால்குடமும் மகளும்

நிறுத்தலாம். ஆனால் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். பயத்தால் பால்குடம் எடுக்கும் ஒருவர் அதை விடும்போது, அதற்கு ஈடாக உண்டியலில் ஒரு தொகை, ஒரு விரதம், ஒரு அர்ச்சனை என்று மாற்றுப் பரிகாரம் தேடத் தொடங்கினால், பயம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு குருக்களாகக் கேட்டுக்கொண்டே போவதும் அப்படித்தான். ஒருவர் சொன்ன ஆறுதல் ஒரு நாள்தான் நிற்கும். நேர்த்திக்கடனை முடித்துவைக்க முறை வேண்டும் என்று உங்கள் மனம் கேட்டால், நீங்கள் மதிக்கும் ஒரே ஒருவரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள், அதோடு விடுங்கள். சிகிச்சை தொடங்கியிருந்தால், அந்த முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள். தைப்பூசத்துக்கு முந்திய வாரம், ஊர்வலம் புறப்படும் பெருமாள் கோயிலில் கூட்டம் சேரத் தொடங்கிய பிறகு, இதை முடிவு செய்ய உட்காராதீர்கள்.

மகளைப் பால்குடம் எடுக்கச் சொல்லி உங்கள் மாமியார் வீட்டில் வற்புறுத்துகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டீர்கள். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சமயச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. தம்முடையதல்லாத சமயத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ எவரும் கலந்துகொள்ளக் கட்டாயமில்லை என்கிறது 16ஆம் பிரிவு. அதற்காக, 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயம் எது என்பதைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வதாகவும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சட்டப்படி அந்த முடிவு பாட்டியுடையது அன்று, உங்கள் இருவருடையது. ஆனால் பதினாறு வயதுப் பெண்ணிடம் அரசியலமைப்பைக் காட்டி எதையும் சாதிக்க முடியாது. அவள் வேண்டாம் என்கிறாள்; வேண்டாம் என்றே விடுங்கள். மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும்.

வீட்டில் விளக்கேற்றுவதையே நிறுத்திவிடும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். உங்கள் அம்மா உங்கள் அனுபவத்துக்குத் தன் பெயரைச் சூட்டினார். நீங்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டால், மகளின் அனுபவத்துக்கு உங்கள் கோபத்தைச் சூட்டுவீர்கள். அவளுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் இதுவரை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவள் கேட்ட கேள்வியிலேயே அவள் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிகிறது. "பயந்துதான் தூக்கினேன், அந்தப் பயத்துக்கு இப்போ டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்று அவளிடம் சொல்லலாம். தாத்தாவின் மரணம், கோழிக்கறி ஆகியவற்றை இப்போதைக்கு அவளிடம் இறக்கிவைக்க வேண்டாம். அவள் அதற்கான ஆள் அல்ல.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் பலதுறை மருந்தகத்தில் நேரம் குறியுங்கள். ஆலோசனைக்குச் செங்காங்கிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தையோ, 1991 முதல் இந்தியக் குடும்பங்களுக்காக இயங்கிவரும் சிண்டாவையோ நாடலாம். தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். முதல் சந்திப்பிலேயே, நான் சொல்வதை யார் யாரிடம் பகிர்வீர்கள், என் நம்பிக்கையைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனிக் கும்பிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில் சிறியது. சில மாதங்கள் எந்த வேண்டுதலும் வைக்காதீர்கள். கோயிலுக்குப் போகத் தோன்றினால் கூட்டமில்லாத ஒரு நாளில் போய், எண்ணிக்கை எதுவும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தோன்றாவிட்டால் போகவேண்டாம்.